கலித்தொகை 51: அலறலும் இசைவும்

கபிலரின் குறிஞ்சிக்கலியில் 51ஆம் பாடல் வகுப்பறையில் நகைச்சுவை கலந்த களவுக் காட்சியாகவே பெரிதும் விளக்கப்படுகிறது. நீர் கேட்டு வந்தவன் தலைவியின் கையைப் பற்றுகிறான், அவள் அலறுகிறாள், தாய் ஓடிவந்ததும், அவனுக்கு விக்கல் என்று மறைக்கிறாள். அவ்வலறலையே நாணம் கலந்த இசைவாக விளக்கும்போது சிக்கல் தொடங்குகிறது.

பாடல் அவ்வாறு கூறவில்லை. கை பற்றப்பட்டபோது அவள் கலங்கியது வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. பொய் அதன்பின் அவள் எடுத்த முடிவு; தோழியிடம் சுவைபடக் கூறுவது அதனினும் பிந்தியது. பிந்தைய விருப்பம் முந்தைய அலறலின் பொருளை மாற்றிவிடாது. அவனை அவள் அறிமுகப்படுத்தும் முறையும் கவனிக்கத்தக்கது: மணல்வீட்டைக் காலால் சிதைத்தவன், சூடிய மாலையை அறுத்தவன், பந்தைப் பறித்து ஓடியவன். பாடல் முழுவதிலும் அவன் கேட்டுப் பெறுவது நீர் ஒன்றே.

சங்கத் தலைவனைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது திறனாய்வின் பணியன்று. ஆனால் உரைப்பவர் இன்றைய ஆசிரியர். உடலால் எதிர்க்காமை மட்டுமே இசைவாகாது என்று இந்தியக் குற்றவியல் சட்டத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவுபடுத்தியது. இங்கோ அலறலே இசைவாக்கப்படுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகக்கூடும் என்பதை ஏற்கின்றன. அவர்களும் அமர்ந்திருக்கும் வகுப்பில் தலைவியின் அச்சத்தை நாணம் என்று பெயர்மாற்றிக் கடந்துசெல்லும் உரை, பாடலுக்கே உண்மையானதன்று.