புலிக்குப் பக்கத்தில் மீன்

ரஞ்சன்குடிக் கோட்டையை ஆற்காட்டு நவாபின் ஜாகீர்தார் ஒருவர் கட்டினார் என்பார்கள். இதுவே ஐரோப்பியப் பிரபுவின் கோட்டையானால் வாசலில் குலச்சின்னத்தைத் தேடலாம். அங்கேயும் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான். ஒரே குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் அல்ல. பெயரைச் சொன்னால் சின்னம் அச்சிட்டுத் தரும் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சரி.

ஆனால் அரசகுலச் சின்னத்துக்குக் குறைவில்லை. இதே வட்டாரத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆண்ட ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31. அவற்றைக் கோத்த வளையத்தின் முத்திரையைப் பாருங்கள்: உட்கார்ந்த புலி, பக்கத்தில் இரண்டு மீன், வில், மேலே குடை, இருபுறமும் சாமரம், விளிம்பைச் சுற்றிக் கிரந்த எழுத்து. மீன் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. தோற்றவர் சின்னத்தை அழிக்காமல் தன் குடைக்கீழ் உட்கார வைத்துக்கொண்டான் சோழன். ஐரோப்பியர் கேடயத்தை நான்காகப் பிரித்து, மணத்தால் வந்த குலங்களின் சின்னங்களைச் சேர்ப்பார்கள். இங்கே வாளால் வந்தவை. உள்ளங்கையகல வட்டத்துக்குள் இத்தனையையும் நெரிசலின்றி அடக்கிய வார்ப்புக்காரனின் கைதான் என்னை அதிகம் மயக்குகிறது. புலியின் முதுகு வளைவு ஒன்றே போதும்.