150 டாலர் ஓய்வுநாள்

வழக்குரை காதையை நாம் தலைமுறை தலைமுறையாக வாசிக்கிறோம். அரசவையில் ஒரு பெண் நீதி கேட்டு நின்றதை இலக்கியமாகக் கொண்டாடும் மரபு நம்முடையது. இன்றைய நீதிமன்றங்கள் எழுதும் தீர்ப்புகளை மட்டும் வக்கீல்களிடம் விட்டுவிடுகிறோம். அவையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, சொல் தேர்ந்து எழுதிய உரைநடைதான் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. கணினித் துறையில் இருபது வருடங்களாக ஆலோசகனாக இருக்கும் எனக்குச் சட்டப் பயிற்சி கிடையாது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு சொல் மாறினால் செலவு யார் தலையில் விழும் என்று பார்த்துப் பழகிய கண் இருக்கிறது. அந்தக் கண்ணோடு மூன்று தீர்ப்புகளை இங்கே வாசிக்கிறேன். மூன்றிலும் கேள்வி ஒன்றேதான். ஒரு தொழிலாளியின் நம்பிக்கை ஒரு நாளைக் கேட்கிறது. அதே நாளை முதலாளியின் ஷிப்ட் அட்டவணையும் கேட்கிறது. யார் விட்டுக்கொடுப்பது?

முதல் தீர்ப்பு 1977ஆம் ஆண்டுக்குரியது. லாரி ஹார்டிசன் என்பவர் 1967இல் கான்சாஸ் சிட்டியில் டி.டபிள்யூ.ஏ. விமான நிறுவனத்தின் பராமரிப்புத் தளத்தில் கிடங்கு எழுத்தராகச் சேர்ந்தார். வருடத்தின் 365 நாளும், நாளின் 24 மணி நேரமும் இயங்கிய இடம் அது. மறு வருடம் அவர் ஒரு கிறிஸ்தவச் சபையின் போதனைகளைப் படிக்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை சூரியன் மறையும்வரை வேலை செய்யக் கூடாது என்பது அந்தச் சபையின் விதி. பழைய கட்டடத்தில் அவருக்குப் பணிமூப்பு இருந்ததால் சனிக்கிழமையைத் தவிர்க்க முடிந்தது. பகல் ஷிப்டுக்காக வேறு கட்டடத்துக்கு மாறியதும் மூப்புப் பட்டியலில் அடிமட்டத்துக்குப் போனார். விடுப்பில் போனவருக்குப் பதிலாகச் சனிக்கிழமை வரச் சொன்னார்கள். அவர் வரவில்லை. வேலை போயிற்று.

அவர் பக்கம் சட்டம் இருந்தது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் 1972இல் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது. மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப் கொண்டுவந்த திருத்தம். அவரே சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட சபையைச் சேர்ந்தவர். தொழிலாளியின் மத அனுசரிப்புக்கு முதலாளி நியாயமான அளவில் இடம் கொடுக்க வேண்டும். தொழிலுக்கு மிகையான சிரமம் ஏற்பட்டால் மட்டுமே மறுக்கலாம் என்றது அது.

‘மிகையான சிரமம்’ என்றால் எவ்வளவு? பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் வைட், அற்பத்துக்கு மேற்பட்ட எந்தச் செலவும் மிகையான சிரமமே என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ‘டி மினிமிஸ்’ என்ற லத்தீன் சொல்லை அங்கே வைத்தார். கவனிக்கத் தகாத அளவு சிறியது என்று அதற்குப் பொருள். மலை என்ற சொல்லுக்கு மணல்மேடு என்று உரை எழுதியதைப் போன்ற காரியம் இது. ஏன் இந்தச் சொல், எங்கிருந்து வந்தது என்ற விளக்கம் தீர்ப்பில் இல்லை. வழக்கின் பெரும்பகுதி பணிமூப்பு ஒப்பந்தத்தை மீறலாமா என்பதைப் பற்றியது. அந்த வாதத்தின் ஓரத்தில் வந்து விழுந்த வாக்கியம்தான் அடுத்த 46 வருடங்கள் அமெரிக்கத் தொழிலாளிகளின் பண்டிகைகளையும் ஓய்வுநாள்களையும் ஆண்டது.

அதே தீர்ப்போடு தர்குட் மார்ஷலின் மறுப்புரை இருக்கிறது. ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்ற தரப்பு. என் வாசிப்பில் மூன்று வழக்குகளிலும் ஆகச் சிறந்த எழுத்து இதுதான். மார்ஷல் முதலில் சொல்லைப் பிடிக்கிறார். அற்பத்துக்கு மேற்பட்டதெல்லாம் மிகையாகிவிடுமா என்று கேட்கிறார். பிறகு, இடம் கொடுப்பது என்றாலே ஒருவரைச் சற்று வேறுபடுத்தி நடத்துவதுதானே, அதையே காரணம் காட்டி மறுத்தால் சட்டத்தில் மிச்சம் என்ன என்கிறார். கடைசியில் கணக்குப் போடுகிறார். ஹார்டிசன் மூன்று மாதத்தில் பழைய பிரிவுக்குத் திரும்பத் தகுதி பெற்றிருப்பார். அதுவரை அவர் இடத்தை நிரப்ப ஆகியிருக்கக்கூடிய கூடுதல் சம்பளம் 150 டாலர். நாட்டின் பெரிய விமான நிறுவனங்களில் ஒன்றுக்கு 150 டாலர் மிகையான சிரமம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்பதை அந்த ஒரு தொகை அம்பலப்படுத்திவிடுகிறது. தத்துவமாகப் பேசியிருந்தால் மறந்திருப்போம். தொகையைச் சொன்னதால் மறக்க முடியவில்லை.

இரண்டாவது தீர்ப்பு எல்லைக்கு வடக்கே, கனடாவில் எழுதப்பட்டது. அதைச் சேர்க்கக் காரணம், ஏறக்குறைய அதே கதை அங்கே நேரெதிராக முடிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கெலோனா பகுதியில் ரெனோ என்ற பள்ளிக்கூடப் பராமரிப்பாளர். ஏழாம் நாள் அட்வெந்து சபையைச் சேர்ந்தவர். அவருடைய ஷிப்ட் வெள்ளிக்கிழமை இரவுவரை நீண்டது. ஞாயிறு முதல் வியாழன்வரை வேலை பார்க்கட்டும் என்று கல்வி வாரியம் இறங்கிவந்தது. தொழிற்சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்பந்த மீறல் என்று புகார் கொடுப்போம் என்றது. வாரியம் பின்வாங்க, அவருக்கு வேலை போயிற்று.

1992இல் கனடிய உச்ச நீதிமன்றத்துக்காக நீதிபதி சொபின்கா எழுதிய தீர்ப்பு, ஹார்டிசன் அளவுகோலைப் பெயர் சொல்லி ஒதுக்கியது. அவர் செய்தது ஓர் இலக்கண வேலை. ‘மிகையான’ என்ற அடைமொழி அங்கே சும்மா நிற்கவில்லை. மிகை கூடாது என்றால், மிகைக்குக் குறைந்த சிரமத்தை ஏற்கத்தான் வேண்டும் என்று அர்த்தம். நல்ல உரையாசிரியர் இப்படித்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை கொடுப்பார். தீர்ப்பு இன்னொரு அடியும் வைத்தது. கடமை முதலாளிக்கு மட்டுமில்லை, தொழிற்சங்கத்துக்கும் உண்டு. கேட்கும் தொழிலாளியும் நியாயமான ஏற்பாடு வந்தால் ஒத்துழைக்க வேண்டும். சகாக்களின் ஆட்சேபம் உண்மையான பாதிப்பிலிருந்து வரவேண்டும். மனித உரிமைக்கு முரணான மனப்பான்மையிலிருந்து வந்தால் அதற்கு எடையில்லை.

ஆக, டொரொன்டோவில் இருக்கும் வாசகருக்கு 1992இல் கிடைத்த வாசிப்பு, நியூ ஜெர்சியில் இருக்கும் வாசகருக்கு 2023இல்தான் கிடைத்தது. 31 வருடம். அந்த 2023ஆம் ஆண்டுத் தீர்ப்புதான் மூன்றாவது.

பென்சில்வேனியாவில் ஜெரல்ட் கிராஃப் என்ற தபால்காரர், ஞாயிறை ஆண்டவருக்குரிய நாளாகக் கொண்ட கிறிஸ்தவர். 2012இல் அவர் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை தபால் பட்டுவாடா என்ற பேச்சே இல்லை. பிறகு அமேசானுடன் தபால்துறை ஒப்பந்தம் போட்டது. ஞாயிறும் பொட்டலங்கள் வந்தன. ஏழே ஊழியர்கள் கொண்ட ஹோல்ட்வுட் என்ற கிராமத்து நிலையத்துக்கு அவர் மாறிப்போனார். 2017இல் அமேசான் அங்கேயும் வந்து சேர்ந்தது. வராத ஞாயிறுகளுக்கெல்லாம் ஒழுங்கு நடவடிக்கை. 2019 ஜனவரியில் ராஜினாமா செய்தார்.

உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அளவுகோலை உயர்த்தியது. அந்தக் குறிப்பிட்ட தொழிலின் போக்கில் கணிசமான கூடுதல் செலவு ஏற்படும் என்று முதலாளி நிரூபிக்க வேண்டும் என்றது. நல்ல முடிவு. ஆனால் எழுத்தாகப் பார்த்தால் நீதிபதி அலிட்டோவின் உரை எனக்கு உறுத்துகிறது. ஹார்டிசன் தீர்ப்பை ரத்து செய்கிறோம் என்று அது சொல்லவில்லை, தெளிவுபடுத்துகிறோம் என்கிறது. அந்தப் பழைய தீர்ப்பிலேயே ‘கணிசமான’ செலவு என்ற பேச்சும் இருக்கிறது, கீழ் நீதிமன்றங்கள் ஒரு லத்தீன் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டன என்பது அலிட்டோவின் வாதம். குற்றம் எழுதியவருடையது இல்லை, வாசித்தவர்களுடையது என்றாகிவிடுகிறது. அப்படியானால் மார்ஷல் எதை மறுத்து எழுதினார்? தீர்ப்பு வெளிவந்த அன்றே சக நீதிபதி ஒருவர் அதை அப்படித்தான் வாசித்திருக்கிறார். வேலை இழந்தவர்கள் ஒரு தவறான வாசிப்புக்காக இழந்தார்கள் என்று சொல்வது நாகரிகமாக இருக்கிறது, நேர்மையாக இல்லை.

நீதிபதி சொட்டொமயோர் எழுதி, நீதிபதி ஜாக்சன் சேர்ந்துகொண்ட சிறு இணைப்புரையையும் படிக்க வேண்டும். சக ஊழியர்கள்மேல் விழும் பாரமும் தொழிலின் போக்கில் சேர்ந்ததே என்கிறார் அவர். கிராஃப் வராத ஞாயிறுகளில் பொட்டலத்தைத் தூக்கியவர்கள் அவருடைய சகாக்கள். சில நேரம் அந்த நிலையத்தின் தலைவரே போனார். இது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். டிசம்பர் 25 அன்று ஆன்-கால் பொறுப்பில் யார் இருப்பார் என்று எங்கள் துறையில் யாரும் கேட்பதில்லை. இந்தியப் பெயர் ஒன்று ஏற்கெனவே அட்டவணையில் ஏறியிருக்கும். பொங்கலுக்கோ ரம்ஜானுக்கோ அந்த உதவி திரும்பி வருமா? மொய் எழுதும் ஊரிலிருந்து வந்தவர்கள் நாம். வாங்கியதும் கொடுத்ததும் நோட்டில் இருக்கும், அடுத்த விசேஷத்தில் நேராகும். அலுவலகத்தில் அந்த நோட்டு இல்லை. பெரும்பான்மையின் பண்டிகை விடுமுறை நாளாகவே வந்துவிடுகிறது. மற்றவர்களுடையது கோரிக்கையாக வருகிறது.

கோரிக்கை என்ற அந்த இடத்தில்தான் மூன்று தீர்ப்புகளின் போதாமையும் தெரிகிறது. மூன்றும் கேட்டவர்களைப் பற்றியவை. மூவருக்கும் ஊரறிந்த ஓய்வுநாளும், அதை ஒரே வரியில் சொல்லும் வசதியும் இருந்தன. நம்மில் பலருக்கு அது கிடையாது. சில வருடங்களுக்குமுன் நான் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு நிறுவனத்தில், ஐயப்பனுக்கு மாலை போட்ட தம்பி ஒருவர் இருந்தார். கறுப்புச் சட்டை, வளர்ந்த தாடி, 41 நாள் விரதம். வாடிக்கையாளர் கூட்டங்களில் கேமராவை அணைத்துவைக்கும்படி மேலாளர் சொன்னார். எழுதிக் கேளுங்களேன் என்றேன். “என்னன்னு எழுதறது அண்ணா? சாமிக்கு மாலை போட்டிருக்கேன்னு சொன்னா, எந்தக் கோயில்ல லெட்டர் குடுப்பாங்கன்னு எச்.ஆர்.ல கேப்பாங்க” என்றார்.

சட்டம் உண்மையில் அந்தக் கடிதத்தைக் கட்டாயமாக்கவில்லை. நம்பிக்கை உள்ளார்ந்ததா என்றுதான் பார்க்கிறது. அதற்கு நூல் உண்டா, குரு உண்டா, மற்ற பக்தர்கள் எல்லோரும் அப்படிச் செய்கிறார்களா என்பது முடிவான கேள்வி இல்லை. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போகிறவருக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. வேத நூலும் தலைமைப் பீடமும் இல்லாத வழிபாடுகளுக்கு இந்த அகலம் பெரிய கொடை. கலிபோர்னியா 2012இல் இன்னும் தெளிவாக, மத உடையோ தாடியோ உள்ளவரை வாடிக்கையாளர் கண்ணில் படாமல் ஒதுக்கிவைப்பது இடம் கொடுப்பதாகாது என்று சட்டம் இயற்றியது. அந்தத் தம்பி இருந்தது வேறு மாநிலம்.

இருந்தாலும் அவர் கேட்காததற்குக் காரணம் சட்டம் தெரியாதது மட்டுமில்லை. எச்-1பி விசாவில் வேலை போனால் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். பிள்ளையின் பள்ளிக்கூடம், கார் கடன், ஊரில் அப்பாவின் மருந்து எல்லாம் அந்த 60 நாளுக்குள் அடங்க வேண்டும். மார்ஷல் தன் மறுப்புரையில், சிறுபான்மை மதத்தவரை நம்பிக்கையா வேலையா என்ற கொடிய தேர்வுக்குத் தள்ளாதீர்கள் என்கிறார். நம்மவர் பலருக்குத் தேர்வு அவ்வளவு தூரம் வருவதே இல்லை. கேட்குமுன்பே விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். அது எந்தத் தீர்ப்பிலும் பதிவாவதில்லை.

கேட்பதே ஆபத்தாகும் இன்னொரு நிலையும் உண்டு. அதில் நாம் எதிர்த்தரப்பிலும் நிற்கலாம். 2020இல் கலிபோர்னியாவின் அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், தலித் பொறியாளர் ஒருவரின் சாதியை மேலதிகாரி சகாக்களிடம் சொன்னார், அதை அவர் எதிர்த்ததும் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது, தனிநபர்கள் இருவர்மீதான வழக்கை 2023இல் துறையே கைவிட்டது. அந்த வழக்கின் உண்மை எதுவாக இருந்தாலும் ஒன்று புரிகிறது. ஹார்டிசன் தன் சனிக்கிழமையைத் தானே அறிவித்துக்கொண்டார். சாதியால் ஒதுக்கப்படுகிறவர் புகார் எழுதினால், மறைத்துவைத்ததையே முதல் வரியில் எழுத வேண்டும். நம் அலுவலக மதிய உணவு மேசைகளில் ‘நீங்க எந்த ஊர், அங்க எந்தத் தெரு’ என்று கேட்கிறவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. மார்ஷலை மேற்கோள் காட்டுமுன் இதையும் நாம் வாசித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் சில விவரங்கள். 15 பேருக்குக் குறைந்த நிறுவனங்களை அந்த மத்தியச் சட்டம் தொடாது. மாநிலச் சட்டம் தொடலாம். சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் செய்ய 180 நாள். பல மாநிலங்களில் 300 நாள். ஒப்பந்த ஊழியராக வாடிக்கையாளரின் இடத்தில் உட்கார்ந்திருப்பவர், முதலாளி யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கேட்பதை மின்னஞ்சலில் கேளுங்கள். இந்த நாள், இந்த வழிபாடு, இதற்குப் பதிலாக நான் வரக்கூடிய நாள் இது என்று எழுதினால் போதும். பதிலாக ஒரு நாளைச் சேர்த்து எழுதுவது சகாவின் ஞாயிறையும் மதிப்பது.

மூன்று தீர்ப்புகளில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருக்கும் நண்பர்களுக்கு நான் மார்ஷலைத்தான் தருவேன். அது இன்றைய சட்டம் இல்லை. அன்றும் சட்டமாக இருக்கவில்லை. ஆனால் பெரும்பான்மை எழுதிய பக்கங்களில் ஹார்டிசன் ஒரு பணிமூப்பு எண்ணாக இருக்கிறார். மார்ஷலின் பக்கங்களில்தான் அவர் வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போக வேண்டிய மனிதர்.