லயத்துப் புகையும் நமது விமரிசனமும்

மலையகத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பலர் பனியையும் பசுமையையும் பாடி முடித்துவிடுகின்றனர். நுவரெலியாவின் குளிர் அவர்களுக்குச் சுகம். ஹட்டன் லயத்தில் அதே குளிர் கதவைச் சாத்த வைக்கிறது. சாத்திய காம்பராவுக்குள் ஈரம் உலராத கவ்வாத்து மிலாறு எரிகிறது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய பழைய லயங்களில் பின்புறம் சன்னலுக்கும் வழியில்லை. ஏறத்தாழ 10க்கு 12 அடிக்குள் சமையல், படுக்கை, பிள்ளையின் பாடம் எல்லாம். விறகுப் புகை குழந்தைகளுக்கு நிமோனியாவையும் அடுப்படிப் பெண்களுக்கு நாட்பட்ட நுரையீரல் நோயையும் தருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்தி வருகிறது. தோட்டத்திலோ அதற்குப் பெயர் வெறும் ‘இருமல்’.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தோட்டத்துக் கொடுமையைத் துணிந்து காட்டியது. சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ இன்னும் அருகே சென்றது. வேலை போனால் காம்பராவும் போகும் என்ற உண்மையைத் தலைப்பிலேயே ஏந்தி நின்றது. ஆனால் வீடு பறிபோவதைப் பேசிய விமரிசகர்கள் (நாமும்தான்), வீடு இருக்கும்போதே அது ஆளைத் தின்பதைப் பற்றிக் கேட்டோமில்லை. 1972இலும் 1975இலும் நிறைவேறிய சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. கைகள் மாறின. இந்திய உதவியுடன் தனிவீடுகள் சில எழுந்துள்ளன. எஞ்சிய லயங்களில் கொழுந்துக்குப் போகவேண்டிய தாய், விடியுமுன் புகைக்குள் குந்தி ரொட்டி சுடுகிறாள்.