நடுவில் ஒரு பீடம்

ஆண்டவருக்கு ஓர் இல்லம் கட்டவேண்டும் என்று தாவீது கொண்ட ஆசை நல்ல ஆசைதான். ஆயினும் அது அவர் கையால் நிறைவேறவில்லை. கேதுரு மரங்களையும் பொன்னையும் திரட்டி வைத்த அந்த அரசர், கோயிலைக் காணாமலே கண்மூடினார். இப்பகுதியை நாம் மறையுரைகளில் விரைந்து கடந்துவிடுகிறோம். கட்டப்படாமற்போன கோயிலுக்கும் ஓர் இறையியல் உண்டு என்பதை எனக்கு உணர்த்தியது, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள கிறிஸ்து அரசர் பேராலயம்.

மேற்படிப்புக்காக வெளிநாட்டில் தங்கியிருந்த நாள்களில், ஒரு ஞாயிறன்று அங்குத் திருப்பலியில் பங்குபெற்றேன். வெளியிலிருந்து பார்த்தபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. அகன்ற கூம்பு ஒன்று. அதன் உச்சியில் முள்முடிபோல் கூர்ந்து நிற்கும் கம்பிகள். கோயில் என்றவுடன் நம் மனம் தேடும் முகப்போ இரட்டைக் கோபுரமோ அங்கில்லை. ஐரிஷ் மக்களிடையே பெருவழக்கான பாட்ரிக் என்னும் பெயரைச் சுருக்கி, ‘பாடியின் கூடாரம்’ என்று ஊரார் அதைக் கேலியாக அழைக்கின்றனர். அக்கேலிக்குள் ஒரு வரலாறு மறைந்திருக்கிறது.

1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அயர்லாந்தைவிட்டு வெளியேறியோரில் பெருந்திரளானோர் வந்திறங்கிய துறைமுகம் லிவர்பூல். பசியோடும் நோயோடும் வந்த அவர்களால் அந்நகரின் கத்தோலிக்கச் சமூகம் பெருகியது. 1850-இல் லிவர்பூல் மறைமாவட்டமாயிற்று. 1853-இல் எட்வர்டு வெல்பி பியூஜின் என்னும் கட்டடக்கலைஞர் ஒரு பேராலயத்துக்கு வரைபடம் அளித்தார். ஆனால் அன்னை மரியாவின் சிற்றாலயம் எழும்பியதோடு அப்பணி நின்றது. மக்களுக்குப் பள்ளிகளும் அநாதை இல்லங்களும் முதலில் தேவைப்பட்டன. இது முதலாவது துறவு.

இரண்டாவது கனவு மிகப் பெரியது. 1930-இல் பேராயர் ரிச்சர்டு டவுனி, பிரவுன்லோ குன்றிலிருந்த பழைய ஏழையர் விடுதியின் நிலத்தை வாங்கினார். பஞ்சத்துக்குத் தப்பிவந்த ஐரிஷ் ஏழைகள் அடைக்கலம் புகுந்ததும், பலர் உயிர்விட்டதும் அந்த விடுதியில்தான். அங்கு ஆலயம் அமைக்கும் பொறுப்பு, புதுதில்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் கட்டடத்தை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. உரோமைப் பேதுரு பேராலயத்தின் குவிமாடம் சுமார் 137 அடி விட்டமுடையது. லட்யன்ஸ் வரைந்ததோ 168 அடி. 1933 ஜூன் 5-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. உழைக்கும் மக்கள் தங்கள் சிறு காசுகளைக் கொண்டுவந்து கொடுத்தனர். போர் வந்தது, 1941-இல் பணி நின்றது. போருக்குப்பின் 1958-இல் நிலவறை ஆலயம் மட்டும் நிறைவுற்றது. 30 இலட்சம் பவுன் என்று தொடங்கிய மதிப்பீடு 2 கோடியே 70 இலட்சம் பவுனாக உயர்ந்திருந்தது. அத்திட்டத்தைச் சுருக்க முயன்ற ஏட்ரியன் கில்பர்ட் ஸ்காட்டின் வரைபடமும் கைவிடப்பட்டது.

1957-இல் பேராயராகப் பொறுப்பேற்ற ஜான் ஹீனன் ஒரு துணிவான முடிவெடுத்தார். உலகின் மிகப் பெரிய குவிமாடம் என்ற பெருமையைத் துறந்து, புதியதொரு வடிவத்துக்குப் போட்டி அறிவித்தார். பீடத்தை அனைவரும் அருகிலிருந்து காணவேண்டும். நிலவறையோடு புதிய ஆலயம் இசைய வேண்டும். கட்டடச் செலவு 10 இலட்சம் பவுனுக்குள் அடங்கவேண்டும். ஐந்தாண்டில் முடியவேண்டும் என்பன நிபந்தனைகள். ஏறத்தாழ 300 பேர் போட்டியிட்டனர். 1960-இல் ஃபிரெட்ரிக் கிப்பர்ட் தெரிவு செய்யப்பட்டார். 1962 அக்டோபரில் பணி தொடங்கி, 1967 மே 14, தூய ஆவியார் பெருவிழாவன்று ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது.

இங்கு ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். திருவழிபாடு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கொள்கைத் திரட்டு வெளிவந்தது 1963 டிசம்பரில்தான். கிப்பர்டின் வட்டவடிவமோ அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே தாளில் வரையப்பட்டுவிட்டது. மக்கள் பார்வையாளராக அல்ல, பங்கேற்பவராக வரவேண்டும் என்ற ஏக்கம் திருச்சபையில் முன்னரே முதிர்ந்திருந்தது. சங்கம் அதற்கு வாய்மொழி கொடுத்தது.

உள்ளே நுழைந்ததும் வெளியில் அடைந்த ஏமாற்றம் அகன்றது. 195 அடி விட்டமுள்ள வட்டம். பதினாறு கான்கிரீட் தாங்கிகள் கூரையைச் சுமப்பதால் நடுவே ஒரு தூணும் இல்லை. மையத்தில் மாசிடோனியாவின் ஸ்கோப்யேயிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரே வெண்பளிங்குக் கல்லாலான பலிபீடம். அதன்மேல் எலிசபெத் ஃபிரிங்க் வார்த்த மெலிந்த பாடுபட்ட சுரூபம். பீடத்துக்கு நேர்மேலே, ஜான் பைப்பரும் பேட்ரிக் ரெய்ன்டியன்ஸும் சமைத்த வண்ணக் கண்ணாடி ஒளிக்கோபுரம். மஞ்சள், நீலம், சிவப்பு ஆகிய மூன்று ஒளித்திரள்கள் மூவொரு கடவுளைக் குறிக்கின்றன.

ஆயினும் வட்டம் குறையற்ற வடிவமன்று. வட்டத்தின் நடுவில் நிற்கும் குரு எத்திசை நோக்கினும் சிலருக்கு முதுகே தெரியும். அதைவிட ஆழமான குறையொன்றைக் கர்தினால் ராட்சிங்கர், 2000-ஆம் ஆண்டு வெளியான திருவழிபாடு பற்றிய தம் நூலில் சுட்டினார்: ஒருவரையொருவர் நோக்கி அமரும் சமூகம் தன்னிலேயே மூடிக்கொள்ளும் வட்டமாகிவிடலாம். இக்கவலையை நான் மதிக்கிறேன். அன்று திருப்பலியில் என் கண்கள் பலமுறை பீடத்தைக் கடந்து எதிர்ப்புற முகங்களுக்குச் சென்றன. முதலில் அதைப் பராக்கு என்றே எண்ணினேன். நற்கருணை மன்றாட்டின்போது எதிரில் ஒரு முதியவர் தலை கவிழ்ந்திருந்தார். எனக்கும் அவருக்கும் இடையே இருந்தது அந்தப் பீடம்தான். பீடத்தைக் கடந்தல்லாமல் அவரை நான் பார்க்க இயலாது. சகோதரனைக் கிறிஸ்துவின் வழியாகக் காண்பது என்று குருமடத்தில் படித்ததை அங்குக் கண்ணால் கண்டேன்.

அந்த வட்டம் மேலே திறந்திருக்கிறது என்பதே ராட்சிங்கரின் கவலைக்குக் கிப்பர்டின் விடை. மக்கள் ஒருவரையொருவர் சூழ்ந்திருந்தாலும், ஒளி அவர்களிடமிருந்து பிறக்கவில்லை, மேலிருந்து இறங்குகிறது. அந்த ஒளிக்கோபுரத்தை நீக்கிவிட்டால் அது வெறும் அரங்கம். அதனால் அக்கண்ணாடியை இக்கோயிலின் அணிகலனாக அல்ல, உயிராகவே கருதுகிறேன். தனிச்செபத்துக்கு ஒதுங்க விரும்புவோர்க்குச் சுற்றுச் சுவரில் சிற்றாலயங்கள் உள்ளன. நற்கருணைச் சிற்றாலயத்தில் செரி ரிச்சர்ட்ஸின் ஓவியமும் கண்ணாடியும் அமைதி தருகின்றன.

மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது. ஐந்தாண்டு என்ற அவசரமும், செலவைக் குறைக்கும் கட்டாயமும், முன்பு பயன்படுத்திப் பழகாத பொருள்களும் சேர்ந்து பழிவாங்கின. கூரை ஒழுகியது. தாங்கிகளின்மேல் ஒட்டிய மொசைக் ஓடுகள் பெயர்ந்தன. விவகாரம் வழக்காகி, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாயிற்று. 1990-களில் பெரும் பழுதுபார்ப்பு தேவைப்பட்டது. பெருமையைத் துறந்தது ஞானம். பொறுமையையும் சேர்த்துத் துறந்தது பிழை. ஏழைகளின் காசில் எழும் கோயிலை மலிவாகக் கட்டுவது, அதே ஏழைகளிடம் இரண்டாம் முறை கையேந்துவதில்தான் முடியும்.

எனினும் அக்குன்றில் நின்றபோது மனம் நிறைந்தது. பேராலயத்திலிருந்து செல்லும் சாலைக்கு ‘நம்பிக்கைத் தெரு’ என்று பொருள்படும் பெயர். அதன் மறுமுனையில் ஆங்கிலிக்கன் பேராலயம். அதை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் ஒரு கத்தோலிக்கர். கத்தோலிக்கருக்கு வரைந்த லட்யன்ஸோ ஆங்கிலிக்கன் சபையினர். 1982 மே 30, தூய ஆவியார் பெருவிழாவன்று, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இரு ஆலயங்களுக்கும் சென்றார். ஒரு காலத்தில் மதப் பகைமையால் புண்பட்ட நகரம் அது. எதிர்க்குன்றை விஞ்சும் குவிமாடம் எழும்பியிருந்தால் அந்தத் தெரு போட்டியின் தெருவாகவே இருந்திருக்கலாம்.

பிடி அரிசி சேர்த்துக் கோயில் கட்டிய மக்கள் நாம். கட்டடக் குழுவில் அமரும் பொதுநிலையினர், அடுத்த பங்கின் கோபுரம் எத்தனை அடி என்று கேட்பதற்கு முன், கடைசி வரிசையில் அமரும் கைம்பெண் பீடத்தைக் காண்பாரா என்று கேட்கட்டும். மழைக்காலத்தில் அவர் தலைமேல் நீர் சொட்டாதா என்பதையும் கேட்கட்டும். லிவர்பூல் முதற்கேள்விக்கு நன்றாக விடை சொன்னது. இரண்டாவதற்குத் தாமதமாகச் சொன்னது. இரண்டுமே நமக்குப் பாடம்.