கைவிட்டது யார்?

அமெரிக்காவின் பழைய கிராமச் சாலைகளையும் துருவேறிய எஃகுப் பாலங்களையும் தேடித்தேடிப் படமெடுக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களின் புகைப்படங்களைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். விரிசல்விட்ட சிமெண்ட் பாதை, விரிசலில் புல், முக்கோணம் முக்கோணமாக இரும்புச் சட்டங்கள் கோத்த பாலம். நன்றாகத்தான் இருக்கின்றன, ரசிக்காமலில்லை. ஆனால் ஆள் கிடையாது. எப்போதுமே ஆள் கிடையாது. கீழே ஒரு சொல்: 'கைவிடப்பட்டது'.

இந்தச் செயப்பாட்டு வினைதான் என் பிரச்சினை. சரி, கைவிட்டது யாரு? எழுவாய் காணாமல்போன இடத்தில் 'காலம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. காலம் தின்றுவிட்டதாம், இயற்கை மீட்டுக்கொண்டதாம். ரூட் 66ஐக் காலம் தின்னவில்லை. 1926இல் எண் பெற்ற சாலை அது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் விரைவுச்சாலைகளுக்கு மத்திய அரசின் பணத்தைக் கொட்டியது. புதிய சாலைகள் சிற்றூர்களை ஒதுக்கிவிட்டு ஓடின. பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக்கடையும் படுத்துவிட்டன. 1985இல் மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் அந்த எண்ணையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இங்கே ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் உண்டு.

இந்தப் பாலங்களைக் கைவினை என்று உருகுவது இன்னொரு கூத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒஹாயோவின் கிங் கம்பெனி போன்றவை பாலங்களுக்கு விலைப்பட்டியல் அச்சடித்து உள்ளூர் நிர்வாகிகளிடம் விற்றன. உறுப்புகள் தொழிற்சாலையிலிருந்து ரயிலில் வந்து இறங்கும். ஆற்றங்கரையில் பூட்டி நிறுத்துவார்கள். பக்கங்களில் ஒன்று நீளாமலோ குறுகாமலோ முக்கோணத்தின் வடிவம் மாறாது என்பதால் கொஞ்ச இரும்பில் நிறையப் பாரம். அதாவது சிக்கனம். இன்றைய கான்கிரீட் பாலத்துக்கு மற்றமையாக இவர்கள் முன்வைப்பது அதே தொழிற்சாலைத் தர்க்கத்தின் மூத்த பிள்ளையைத்தான்.

செயின்ட் லூயிஸுக்கு வடக்கே, மிசிசிப்பியின் மேல், 1929இல் திறந்த செயின் ஆஃப் ராக்ஸ் பாலத்தை வாசித்துப் பார்க்கலாம். ஏறக்குறைய ஒரு மைல் நீளம், நடுவில் ஒரு திருப்பம். கவிதை என்று சொல்லத் தோன்றும். நேராகக் கட்டினால், நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் கோபுரங்களுக்குப் பக்கத்தில் படகு ஓட்டுவது ஆபத்து என்று படகுக்காரர்கள் எதிர்த்தார்கள். திருப்பம் அப்படி வந்தது. பக்கத்தில் புதுப்பாலம் வந்ததும் இதை மூடினார்கள். 1975இல் இடிக்கத் திட்டமிட்டார்கள். பழைய இரும்பின் விலை சரிந்ததால் இடிப்பது கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார்கள். 1999இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்த இந்த 'மரபுச் சின்னம்' பிழைத்தது காயலான்கடைக் கணக்கில்.

ஆளில்லாத படம் இன்னொன்றையும் செய்கிறது. எல்லோரும் ஒன்றுபோலப் பயணம் போன சாலை ஒன்று இருந்ததாக நம்பவைக்கிறது. 1936இலிருந்து முப்பது வருடங்கள் 'கிரீன் புக்' என்றொரு கையேடு அமெரிக்காவில் வெளிவந்தது. கறுப்பினத்தவர் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற முகவரிகள். தொடங்கியவர் விக்டர் கிரீன், நியூயார்க் தபால்காரர். பட்டியலில் இல்லாத ஊரில் இருட்டிவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தோடு ஓட்டிய சாலையும் இதே ரூட் 66தான். படங்களில் இன்று புல் மூடிக்கிடக்கிற விடுதிகளில் எத்தனை, அவர்களுக்கு அறை தந்திருக்கும்?

காண்டசி டெய்லர் அந்தக் கையேட்டின் முகவரிகளைத் தேடிப்போய்ப் படமெடுத்தார். நூல் 2020இல் வந்தது. பல முகவரிகளில் கட்டிடமே இல்லை. துருப்பிடித்து நிற்கிற பாக்கியம்கூட அவற்றுக்கு வாய்க்கவில்லை.