தலப்பெயர்களிற் பொதுவும் சிறப்பும் அடையும்

தேவாரத் திருப்பதிகங்களுக்குத் தலப்பெயர் அகராதி வகுப்போர் பலர், சிறப்புப்பெயர் இது, பொதுப்பெயர் இது, அடைமொழி இது என்னும் பாகுபாட்டை ஆராயாமலே பெயர்களை நிரல்படுத்திவிடுகின்றனர். ஏட்டுச்சுவடிகளிற் சொற்கள் இடைவிடாது எழுதப்பட்டமையின், பதிப்பித்தவர் பிரித்தவாறே ஊர்கள் கூடவும் குறையவும் செய்கின்றன. பாடல் பெற்ற தலம் எது, வைப்புத்தலம் எது என்னும் துணிபு இதன்மேல் நிற்றலால், இதனை வெறும் இலக்கண வழக்கென்று ஒதுக்குதல் பொருந்தாது.

ஆரூர், ஐயாறு, முதுகுன்றம் முதலிய அனைத்தையும் ‘திரு’ என்னும் அடையோடு சேர்த்துத் தகரத்தின்கீழ் அடுக்குதல் சிறு பிழையே. தேடுவார்க்கு அலைச்சலன்றி அதனால் வேறு தீங்கில்லை. ‘தென்’, ‘வட’ என்பன அத்தகையன அல்ல. குரங்காடுதுறை காவிரியின் இருகரையினும் உண்மையின், தென்குரங்காடுதுறை என்புழித் ‘தென்’ என்பது பிறிதினியைபு நீக்க வந்த அடை. அதனைக் களையின் ஊர் மயங்கும். தென்றில்லை என்புழியோ விலக்கற்பாலதாய் வடதில்லை என ஒன்றில்லை. ஆண்டு அவ்வடை தன்னோடியைபின்மை நீக்கும் அளவிலே நின்றது. இவ்விரண்டையும் ஒரு நிகராக வைத்தெண்ணுதல் நூலாசிரியர் கருத்தைச் சிதைப்பதாகும்.

கோயில் என்னும் சொல் இன்னும் நுண்ணிதின் ஆராயற்பாலது. வாளா கோயில் என்றவழிச் சைவர் தில்லையையே கொள்வர்; உமாபதி சிவனார் அருளிய கோயிற்புராணம் இதற்குச் சான்று. வைணவர்க்கோ அச்சொல் திருவரங்கத்தை உணர்த்தும். ஆகவே பொதுப்பெயர் சிறப்புப்பெயராதல் வழங்குவோர் மரபு பற்றியதேயன்றிச் சொல்லின் வடிவு பற்றியதன்று என்க.

திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய அடைவுத் திருத்தாண்டகம், தலங்களைப் பள்ளி, வீரட்டம், குடி, ஊர், கோயில், காடு என இறுதிச்சொல் பற்றி இனம் இனமாக அடைவுபடுத்துவது. கோயில் என முடிவனவற்றைக் கூறும் திருப்பாட்டிற் பெருங்கோயில்கள் 78 என எண்ணப்பட்டன. எண்ணேற்றமையின் அது பொதுப்பெயரே. ‘பெரு’ என்பது அடை. உடன் கூறப்பட்ட கரக்கோயில் கடம்பூருக்கும், கொகுடிக்கோயில் கருப்பறியலூருக்கும், ஆலக்கோயில் கச்சூருக்கும் உரியன. கொகுடியும் ஆலும் மரஞ்செடிப் பெயராய்க் காரணம் விளங்க நிற்பினும், இவை ஒவ்வோரிடத்தையே சுட்டலிற் சிறப்புப்பெயராயின.

இவற்றோடு எண்ணப்பட்ட இளங்கோயிலே அகராதி வகுப்போரை மருட்டுவது. திருப்பணி நிகழுங்காலத்து மூர்த்தியை எழுந்தருளுவிக்க அமைக்கும் பாலாலயத்திற்கு இளங்கோயில் என்பது பொதுப்பெயர். மீயச்சூரிலோ அது நிலைபெற்ற தனிக்கோயிலாய்த் திகழ்கின்றது. ஆளுடைய பிள்ளையார் பதிகம் மீயச்சூர்க்கும், அரசர் பதிகம் அவ்வூர் இளங்கோயிற்கும் உரியன. ஒரு மதிலகத்துள்ளே இரண்டும் அமைந்திருப்பினும், தலம் இரண்டென எண்ணும் முறை இது பற்றியே. அதனைப் பொதுப்பெயராகக் கொண்டு இரண்டையும் ஒன்றாக்குவார், பாடல் பெற்ற கோயிலொன்றைத் தொகையினின்றும் நீக்கினவராவர்.

இனி, க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்திற் கடம்பையிலும் ஓர் இளங்கோயில் கூறப்படுகின்றது. ஆண்டுக் கடம்பை என்னும் ஊரின் சிறப்புப்பெயரே அடையாய் நின்று, மீயச்சூர் இளங்கோயிலினின்றும் அதனைப் பிரிக்கின்றது. அடைவுத் திருத்தாண்டகத்திலோ ஊர்ப்பெயர் அடுத்து வாராமையின், சொல்லமைதி ஒன்றே கொண்டு இரண்டிலொன்றைத் துணிதல் இயலாது. அவ்விடத்து ஐயக்குறிப்பு ஏதுமின்றி ‘மீயச்சூர்’ என்று பொறித்து மேற்செல்லும் அகராதி, கடம்பை இளங்கோயிலுக்குரிய சான்றொன்றை ஆராயாமலே மறைத்துவிடுகின்றது.