“சமாந்தரம்” என்னுஞ் சொல்லும் மின்சுற்றுக் கணக்கும்

மின்சுற்றுக் கணக்கிலே நம் மாணாக்கர் இடர்ப்படுவதற்குக் கணித அறிவின் குறைவே காரணம் என்பர். அதனை முழுதும் ஒப்புதற்கில்லை. இடர்ப்பாடு பெரும்பாலும் கலைச்சொல்லிலிருந்தே தொடங்குகின்றது. ஆய்கூட வசதி குன்றிய பாடசாலையில் நூலின் சொல்லே மாணவனுக்குக் கருவி; அது பிழைபட்டால் அவனுக்கு வேறு துணை இல்லை.

தடையிகளை இணைக்கும் முறை இரண்டு. ஒன்று தொடர். மற்றையதனை இலங்கைப் பாடநூல்கள் சமாந்தரம் என்றும், தமிழ்நாட்டு நூல்கள் பக்க இணைப்பு என்றும் வழங்குகின்றன. தொடர் என்பது நற்சொல். ஓட்டம் பிரியாது ஒன்றையடுத்து ஒன்றினூடே செல்வதை உள்ளபடி உணர்த்தும். சமாந்தரமோ கேத்திரகணிதச் சொல். அதனைக் கேட்டதும் என்றும் சந்தியாத இரு கோடுகளே மனத்தில் எழும். சமாந்தரத் தடையிகளோ இரு முனைகளிலுஞ் சந்தித்தே ஆகவேண்டும்! ஆங்கிலச் சொல்லின் குற்றத்தைத் தமிழும் ஏற்றுக்கொண்டது. பக்க இணைப்பு என்பதும் இருக்கும் இடத்தைக் கூறுகின்றதேயன்றி இணைந்த வகையைக் கூறவில்லை.

தீவக மாணவனுக்கு இதனை விளக்கத் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. குறிகட்டுவான் துறையினின்று நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படும். புறப்படும் இடம் ஒன்றேயாயினும் சேரும் இடம் வேறு. ஆதலின் அவ்வழிகள் சமாந்தரம் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பண்ணைப் பாலங் கடந்து வேலணை வழியாகச் செல்லலாம். காரைநகர் சென்று, பாதை எனப்படும் மிதவையிலேறியுஞ் சேரலாம். இவ்விரு வழிகளும் அருகருகே ஓடுவனவல்ல. எனினும் தொடக்கமும் முடிவும் ஒன்றாதலின் இவையே மெய்யான சமாந்தரம். சொல்லை மாற்றுங் காலங் கடந்துவிட்டது; வரைவிலக்கணத்திலாவது “பொதுவான இரு முனைகள்” என்பதை முதலில் வைக்கலாம்.

கணக்கொன்று காண்போம். 6, 3, 2 ஓம் தடையிகள் ஒரே கோட்டில் உள்ளன. அவற்றின் முனைகளும் சந்திகளும் முறையே அ, ஆ, இ, ஈ. அ, இ என்பன ஒரு கம்பியாலும், ஆ, ஈ என்பன மற்றொரு கம்பியாலும் தொடுக்கப்பட்டுள்ளன. அ, ஈ என்பவற்றிடையே 12 வோல்ற்று மின்கலவடுக்கு. வரிசையைக் கண்ட மாணவன் 11 ஓம் எனக் கூட்டுவான். கம்பிகளின் தடையைப் புறக்கணிப்பின் அ, இ இரண்டும் ஒரே புள்ளி. ஆ, ஈ இரண்டும் ஒரே புள்ளி. ஆகவே மூன்று தடையிகளும் சமாந்தரமே. 1/6 + 1/3 + 1/2 = 1 ஆதலின் சமவலுத் தடை 1 ஓம்; ஓட்டம் 12 அம்பியர்; அது 2, 4, 6 அம்பியராகப் பிரியும்.

“பெருக்கத்தைக் கூட்டுத்தொகையால் வகு” என்னும் வாய்பாடு இரு தடையிகளுக்கே உரியது. இங்கு அதனை ஆண்டால் 36/11 வரும். மிகச் சிறிய தடையியாகிய 2 ஓமினும் அது பெரிது. சமாந்தரத்தில் அவ்வாறு நிகழ இயலாது.

இனி, மின்கலவடுக்குக்கும் அ என்னும் முனைக்கும் இடையே 4 ஓம் தடையி ஒன்றைத் தொடராகச் சேர்ப்பின் மொத்தத் தடை 5 ஓம், ஓட்டம் 2.4 அம்பியர். சமாந்தரக் கூட்டத்திற்கு 12 வோல்ற்று முழுவதுங் கிட்டும் எனக் கொள்வார் பலர். 4 ஓம் தடையி 9.6 வோல்ற்றைக் கொள்ள, எஞ்சுவது 2.4 வோல்ற்றே, கிளைகளில் ஓட்டம் 0.4, 0.8, 1.2 அம்பியர்.